உமரியும் ஆலாவும்

என் தம்பிக்குப் பறவைப் பைத்தியம், எனக்குச் செடிப் பைத்தியம். ஒரே சதுப்புநில ஆய்வகத்தில் எதிரெதிர் மேசை. ஒன்பது மணிக்குக் கதவு திறந்தால் ஒன்பது ஐந்துக்கெல்லாம் சண்டை தொடங்கிவிடும்.

உப்பு மண்ணில் படரும் என் உமரிச் செடி, உப்பைத் தண்டிலேயே தேக்கிக்கொண்டு பிழைக்கும். அவனுடைய ஆலா ஒரு கடற்பறவை. உள்ளே போன உப்பை மூக்கு வழியாகச் சொட்டவிடும்.

"உன் செடிக்குப் பதுக்கல் புத்திக்கா. என் பறவையப் பாரு, மூக்கச் சிந்திட்டுப் போயிட்டே இருக்கும்" என்பான்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். இந்த வருடம் மணல்திட்டில் பொரித்த ஆலாக் குஞ்சுகள் காணாமல் போகத் தொடங்கின. உமரி படர்ந்து மணலைக் குறுக்கிவிட்டது, அதனால்தான் சாகின்றன என்று தம்பி அறிக்கை கொடுத்துவிட்டான். திட்டோரம் நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த உமரிப் பாத்தியை வழித்துப் போட இன்று பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் வருகிறது. அவனோடு மூன்று நாளாகப் பேச்சில்லை.

பதினொன்றரைக்கு, தப்புக் கண்டுபிடிக்கவென்றே அவன் குறிப்பேட்டைப் பிடுங்கி என்னுடையதோடு ஒப்பிட்டேன். எட்டாம் தேதி அவன், 'பதினாலு குஞ்சு காணோம்.' நான், 'தண்டுகள் மிதிபட்டுள்ளன, நண்டாக இருக்கும்.' பதினொன்றாம் தேதி அவன், 'இன்னும் ஒன்பது.' நான், மறுபடியும் நண்டு!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு தடவையும் ஒரே நாள்; மிதித்தது நண்டு இல்லையென்றால்?

"டேய், என் பாத்திக்குள்ள என்னைக்காவது எட்டிப் பாத்தியா?"

"நீதானே கயிறு கட்டி, கால் வச்சா உடைப்பேன்னு பலகை மாட்டின?"

நான் மட்டும் என்ன யோக்கியம்? விடியலில் அளந்துவிட்டு வெயிலுக்கு முன்னால் ஓடிவந்துவிடுவேன். அவனோ வெளிச்சம் வேண்டுமென்று உச்சிவெயிலில்தான் எண்ணுவான். வெயிலில் குஞ்சுகள் எங்கே போகும் என்று இரண்டு படித்த மேதைகளுக்கும் தோன்றவில்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினோம். இயந்திரம் ஏற்கெனவே உறுமிக்கொண்டு நின்றது. தம்பி கயிற்றைத் தாண்டிக் குப்புறப் படுத்துத் தண்டுகளை விலக்கினான். நிழலில் மணல் நிறத்தில் ஒரு குஞ்சு. பின்னால் இரண்டு. அந்தப் பக்கம் ஒரு கூட்டமே!

"இருபத்திமூணு! அக்கா, இருபத்திமூணும் இருக்கு! ஒண்ணுகூடச் சாகலக்கா!"

"சார், வழிக்கவா வேண்டாமா?" என்று கத்தினார் ஓட்டுநர்.

தம்பி எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். "வேண்டாங்க! நான்தான் தப்பா எழுதிட்டேன். இந்தச் செடி போச்சுன்னா என் குஞ்சுங்க போச்சு!"

பிறந்ததிலிருந்து 'தப்பு என்னோடது' என்று சொல்லாத வாய் அது. சந்தோஷம் தாங்காமல் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.