சிஸ்டம் இல்லாத பெட்டி

புல்வெட்டும் மிஷினைத் தள்ளித் தள்ளியே உடையப்பனுக்கு வலது முட்டி போய்விட்டது. முட்டி போனால் வேலையும் போகும். வேலை போனால் என்ன ஆகும் என்று யோசிக்கிற பழக்கத்தை, லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்ற வருஷத்தோடு அவர் விட்டிருந்தார். யோசித்து எந்தத் தோட்டம் திரும்பி வந்தது?

ஈப்போ விமான மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பறக்கும் கிளப். இரண்டு சின்ன விமானம், ஒரு கேன்டீன், ஒரு ஆபீஸ். பதினோரு வருஷமாக அங்கேதான் அவர் புல் வெட்டுகிறார், தரை கழுவுகிறார், சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார். வயது நாற்பத்தாறு. பால் மரம் வெட்டியதில் பாதி தேய்ந்தவர், மீதியை இந்தப் புல்லுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தைந்தாம் வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளப்பில் ஒரு பேச்சு கிளம்பியது. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களாம். அதில் ஒரு டிஸ்க்கைப் போட்டால் விமானம் ஓட்டிப் பழகலாமாம். மழை பெய்தாலும், சுண்ணாம்பு மலை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டாலும் கவலை இல்லை. அறைக்குள் உட்கார்ந்தே பறக்கலாம். டிஸ்க்கை சிங்கப்பூர் போன ஓர் உறுப்பினர் ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டார். பெட்டி வாங்க வேண்டியதுதான் பாக்கி.

செயலாளர் ஜெயபாலன் கேன்டீனில் தேநீர் குடித்தபடி சொன்னார்: "அந்த ரூமுக்கு ஒரு ஆளு வேணும். காலையில தொறந்து, பெட்டிய ஆன் பண்ணி, டிஸ்க்கப் போட்டு, பேரு எழுதிக்கிட்டு ஆள உள்ள விடணும். உக்காந்து பாக்குற வேலதான்."

உட்கார்ந்து பார்க்கிற வேலை. அந்த மூன்று சொல்லும் உடையப்பனின் முட்டிக்குள் போய் இறங்கின. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தார்.

"சார், நான் பாக்குறேன்."

"எழுதப் படிக்கத் தெரியணுமே, உடையப்பா."

"தெரியும் சார்."

ஆபீஸ் கிளார்க் சீனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீனி ஆங்கிலப் பள்ளியில் படித்து முடித்தவன். வாய் கொஞ்சம் நீளம். "அண்ணே, பேப்பர்ல படம் பாக்குறதெல்லாம் படிப்புல சேராது லா!"

உடையப்பன் துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். முப்பத்தேழு வயதில்தான் அவர் முதல் எழுத்தை எழுதினார். தொழிற்சங்க மண்டபத்தில் மாலை வகுப்பு. முதலில் தமிழ், அடுத்த வருஷம் மலாய். மலாய் எழுத்து வந்ததும், அதே எழுத்துதானே என்று ஆங்கிலத்தையும் கூட்டிப் பார்க்கத் துணிந்தார். எழுத்து வந்தது, வேகம்தான் வரவில்லை. மற்றவர்கள் பக்கத்தைப் பார்த்தவுடன் விழுங்குவார்கள். இவர் பட்டை சீவுகிற மாதிரி ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஓர் எழுத்தையும் விடாமல் இழுத்துக்கொண்டு போவார்.

ஜெயபாலன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சனிக்கிழம மூணு பெட்டி வருது. அந்த டிஸ்க்கு எதுல ஓடுதோ அத வாங்குவோம். ஓடுனாத்தான் ரூமு. ரூமு இருந்தாத்தான் ஆளு. அன்னிக்கே பேசிக்கலாம்."

அந்த வாரம் முழுக்கக் கேன்டீனில் வேறு பேச்சு இல்லை. எந்த சிஸ்டம் நல்லது, சிபிஎம்மா, டாஸா? பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். கோழிச் சண்டை மாதிரி குரல் உயரும்.

கேன்டீன் நடத்துகிற சிக்கந்தர் பாய் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "சீனி, சிஸ்டம் சிஸ்டம்ங்கிறியே, அது என்னப்பா? திங்கிறதா, குடிக்கிறதா?"

"பெட்டிக்குள்ள இருக்குற கிராணி லா, பாய். நம்ம சொல்றத அவன்தான் வாங்கி மெஷினுக்குச் சொல்லுவான். அவன் இல்லாட்டி ஒரு வேலையும் ஓடாது."

"தோட்டத்து ஆபீஸ் கிராணின்னா எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் உடையப்பன். "கிராணி லீவு போட்டாலும் மரம் பால் குடுக்கும்."

சிக்கந்தர் சிரித்த சிரிப்பில் தேநீர் பாதி மேசைமேல் போனது. சீனிக்கு முகம் சுண்டிவிட்டது.

டிஸ்க்கோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. சீனி அதைத் திறந்தே பார்க்கவில்லை. எல்லா டிஸ்க்கும் ஒன்றுதான், சிஸ்டத்தை ஏற்று, டிஸ்க்கின் பெயரைத் தட்டு, ஓடும் என்று சொல்லிப் புத்தகத்தைக் கேன்டீன் மேசையில் போட்டுவிட்டான். அதன்மேல் யாரோ ரொட்டிச் சானாய்த் தட்டை வைத்திருந்தார்கள். உடையப்பன் தட்டை நகர்த்தி, எண்ணெயைத் துடைத்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விமானக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தார். ஸ்விட்ச் தெரியும். ஆப் தெரியும், ஆன் தெரியும். பதினோரு வருஷம் விமானக்காரர்களோடு கிடந்தவருக்கு ரன்வேயும் திராட்டிலும் தெரியாதா? ஒரு சொல்தான் இடித்தது. சிக்கந்தரிடம் போய் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

"இன்செர்ட்டா? உள்ள சொருகுறது மச்சான்," என்றார் சிக்கந்தர். "எங்க சொருகணும்னு கேட்டுக்கிட்டுச் சொருகு. வயசான காலத்துல வம்புல மாட்டாத."

பக்கம் முடிந்தது. உடையப்பனுக்கு ஒரு குழப்பம். முதலில் பெட்டியை அணைக்கச் சொல்லியிருந்தது. பிறகு இந்த டிஸ்க்கைச் சொருகச் சொன்னது. பிறகு ஸ்விட்சைப் போடச் சொன்னது. அவ்வளவுதான். சிபிஎம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை, டாஸைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஏதோ ஒரு வரியைத் தவற விட்டுவிட்டோம் போல என்று விரலை வைத்து மறுபடி படித்தார். மறுபடியும் அதேதான்.

வெள்ளிக்கிழமை சீனியிடம் சொன்னார். "தம்பி, இதுல கிராணியப் பத்தி ஒண்ணுமே போடலயே. மொதல்ல இந்த டிஸ்க்கத்தான் போடச் சொல்லுது."

"அண்ணே, எழுத்துக்கூட்டிப் படிச்சா எழுத்துதான் தெரியும், விசயம் தெரியாது. நீங்க போயி ரன்வே ஓரத்தப் பாருங்க, லாலாங் தலைக்கு மேல நிக்குது."

உடையப்பன் போனார். அன்றைக்கு லாலாங் புல்லுக்கு நல்ல அடி விழுந்தது.

சனிக்கிழமை காலை அறை நிறைய ஆள். கமிட்டியின் ஏழு பேரும் வந்திருந்தார்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கேப்டன் சோங்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் பெட்டியில் சிபிஎம். இரண்டாவது பினாங்கிலிருந்து வந்தது, டாஸ், பார்க்க மணமேடைப் பெண் மாதிரி பளபளப்பு. மூன்றாவதை ஆ கியோங் என்கிற கடைக்காரர் தன் பழைய வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தைவானில் செய்தது, சாம்பல் நிறத் தகரம், மூடியில் ஒரு ஸ்குரூவைக் காணோம். அதில் சிஸ்டமே கிடையாது. வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

"சிஸ்டம் இல்லாத பெட்டி டிரைவர் இல்லாத பஸ்," என்று சொல்லி அதை நடைபாதையிலேயே வைத்துவிட்டான் சீனி. ஆ கியோங் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சீனி முதல் பெட்டியைப் போட்டான். சிஸ்டம் ஏறியது. பறக்கிற டிஸ்க்கை மாற்றிப் போட்டு, பெயரைத் தட்டினான். பெட்டி அந்தப் பெயரையே திருப்பி எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டது. யாரப்பா நீ என்று கேட்பது போல. மறுபடி தட்டினான். மறுபடியும் கேள்விக்குறி.

"நான்தான் அப்பவே சொன்னேனே, டாஸ்தான்னு!" என்று ஒரு கூட்டம் கை தட்டியது. சீனி பளபளப்புப் பெட்டிக்குப் போனான். டாஸ் ஏறியது. டிஸ்க்கைப் போட்டான். டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்றது பெட்டி. நாலு தரம், ஐந்து தரம். சட்டை முதுகு நனைந்துவிட்டது அவனுக்கு.

"டிஸ்க்கு செத்துப்போச்சு சார்," என்றான் கடைசியில். "சிங்கப்பூர்க்காரன் ஏமாத்திட்டான்."

ஜெயபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப விடுங்க. சுசா, தொல்ல பிடிச்ச வேல இது. இந்த ரூம ஸ்டோரா வச்சிக்கலாம்."

கதவோரம் நின்றிருந்த உடையப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ரூம் ஸ்டோர் ஆனால் ஆளுக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை மறுபடி அந்த மிஷின், அந்த முட்டி. பெரிய மனுஷர்கள் பேசுகிற இடத்தில் வாய் திறந்து அவருக்குப் பழக்கமில்லை. தோட்டத்தில் காலைப் பிரட்டில் வரிசையாக நிற்கிற நாளிலிருந்து பேர் கூப்பிட்டால் மட்டும்தான் குரல். இன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் குரல் வந்துவிட்டது.

"சார், புத்தகத்துல போட்டிருக்கிற மாதிரி யாரும் செய்யலயே."

எல்லாத் தலையும் திரும்பியது. உடையப்பன் சட்டைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். விரலை வைத்தார். அத்தனை பேர் முன்னால், எழுத்துக்கூட்டி, ஒரு சொல்லையும் விடாமல் படித்தார். படித்து முடிக்க ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் ஆனது.

"மொதல்ல அணைக்கணும். அப்புறம் இந்த டிஸ்க்கு. அப்புறந்தான் ஸ்விட்சு. வேற ஒண்ணும் போடக்கூடாது."

"போடாம எப்படிண்ணே ஓடும்? காத்துலயா?"

"காத்துலதான ஓடணும், பிளேனாச்சே," என்றார் வாசலில் நின்ற சிக்கந்தர்.

கேப்டன் சோங் தலையசைத்தார். பளபளப்புப் பெட்டியை அணைத்து, டிஸ்க்கைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ உருண்டது. அப்புறம் ஒன்றுமே இல்லை. திரை அமாவாசையாகக் கிடந்தது. முதல் பெட்டியிலும் அதே கதி.

சீனி இரண்டு கையையும் விரித்தான். "இப்ப என்ன சொல்றீங்க, புரொபசரே?"

அறை சிரித்தது. உடையப்பனுக்குக் காது சுட்டது. ஆனால் அவர் நகரவில்லை.

"தம்பி, நிரையில ரெண்டு மரம் வறண்டு கெடந்தா, மூணாவது மரத்த வெட்டாம பால் மங்கக் கவுத்துப்புட்டா போவோம்? அப்படிப் போனா எங்க தண்டலு தோல உரிச்சிருவான். ஒவ்வொரு மரத்திலயும் கத்தி படணும். அங்க வெளிய ஒண்ணு நிக்குது."

"அதுல சிஸ்டமே இல்லண்ணே!"

"புத்தகமும் அத கேக்கலயே."

 ஜெயபாலன் ஆ கியோங்கைக் கைகாட்டிக் கூப்பிட்டார். சாம்பல் பெட்டி உள்ளே வந்தது. "நீயே போடு," என்றார் ஜெயபாலன்.

உடையப்பன் கையைச் சிலுவார்க் காலில் துடைத்துக்கொண்டார். டிஸ்க்கை வெளிச்சத்தில் பார்த்து, எந்தப் பக்கம் மேலே என்று புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டு, சொருகினார். ஸ்விட்சைப் போட்டார்.

சிவப்பு விளக்கு. உருளும் சத்தம். கறுப்புத் திரை. சீனி பெருமூச்சு விட வாயைத் திறந்தான்.

திரையில் எழுத்து வந்தது. எந்த மாதிரித் திரை என்று கேட்டது பெட்டி. உடையப்பன் கூட்டிப் படித்து ஒரு விசையை அழுத்தினார். இன்னொரு கேள்வி. இன்னொரு விசை. சடாரென்று திரை இரண்டாகப் பிரிந்தது. கீழே வட்ட வட்டமாக விமானத்து மீட்டர்கள். மேலே ஒரு ரன்வே, நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் தண்ணீர், தூரத்தில் வானம்.

 அறையில் எழும்பிய கூச்சலில் கொட்டகைப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

"சாமா! டலாம் சாமா!" என்று ஆ கியோங் பெட்டியைத் தட்டித் தட்டிச் சொன்னார். உள்ளே எல்லாம் அமெரிக்கப் பெட்டி மாதிரியே என்று. கேப்டன் சோங்குக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்த டிஸ்க் யாரையும் நடுவில் வைத்துக்கொள்ளாது. நேராக மெஷினோடு பேசும். அதனால் எந்த சிஸ்டம் என்பது கேள்வியே இல்லை, எந்த அமெரிக்கப் பெட்டிக்காக அதை எழுதினார்களோ, மெஷினின் உள்ளுடம்பு அச்சாக அதே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில் எல்லாருக்கும் விளக்கினார். ஒரு வாரம் கத்திச் சண்டை போட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓட்டு," என்றார் கேப்டன், உடையப்பனின் தோளை அழுத்தி உட்கார வைத்து.

உடையப்பன் விமானம் ஓட்டியதில்லை. ஆனால் பதினோரு வருஷமாகப் புல்லுக்குள் நின்று, எத்தனையோ ஆயிரம் தரம் விமானம் கிளம்புவதைப் பார்த்திருக்கிறார். எந்த இடத்தில் மூக்கு எழும்பும், எந்த அவசரக்காரன் முன்னாலேயே இழுத்துவிட்டுத் தடுமாறுவான் என்பதெல்லாம் கண்ணுக்குள் இருந்தது. திராட்டிலைக் கூட்டினார். வெள்ளைக் கோடு ஓடி வந்தது.

"இழு, இழு!" என்று கமிட்டியில் ஒருவர் கத்தினார்.

"இருங்க சார், இன்னும் காத்து பிடிக்கல."

இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இப்போது. விசையை மெல்லத் தட்டினார். ரன்வே கீழே போயிற்று. தண்ணீர் கீழே போயிற்று. திரை முழுக்க வானம்.

"அல்லா! தூக்கிட்டான்யா!" என்று சிக்கந்தர் கேன்டீன் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். கேப்டன் சோங் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டினார். அவர் அப்படிக் காட்டியதைக் கிளப்பில் யாரும் பார்த்ததில்லை.

ஜெயபாலன் கமிட்டி நோட்டை விரித்தார். "வாங்குறது ஆ கியோங் பெட்டி. சிஸ்டம்..." பேனாவை நிறுத்திச் சீனியைப் பார்த்தார்.

சீனி தொண்டையைக் கனைத்தான். "ஒண்ணும் வேணாம்னு எழுதிக்குங்க சார்." அப்புறம், யாரும் கேட்காமலே, "அண்ணனுக்குத்தான் சார் இந்த ரூமு. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றான்.

"உடையப்பா, திங்கக்கெழமையிலேர்ந்து நீ இங்கதான்," என்றார் ஜெயபாலன். "புல்லுக்கு வேற ஆளு பாத்துக்கிறேன்."

அதற்குள் நாற்காலியைச் சுற்றி ஆள் முண்டியடிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்து நான், அடுத்து நான் என்று வங்கி மேனேஜரும் டாக்டரும் தோளோடு தோள் இடித்தார்கள். உடையப்பன் எழுந்து திரும்பினார். முட்டி வலித்தது, வலித்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க சார். செருப்பு, சப்பாத்து எல்லாம் வாசல்லயே கழட்டணும், தூசு பெட்டிக்கு ஆவாது. பேரு சொல்லி நான் கூப்பிடுவேன். ஒருத்தர் ஒருத்தராத்தான் வரணும். கேப்டனா இருந்தாலும் சரி."

கேப்டன் சோங் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.