ராஜநாகத்தின் கரண்ட் நேரம்

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உரக்கடை வைத்திருக்கும் கலைமதிக்கு ஒரு குணம் உண்டு. எதையும் ‘போகட்டும்’ என்று விடமாட்டாள். ஒரு தக்காளி இலை சுருண்டால், சுருட்டியது எது, எந்நேரம் வந்தது, இலையின் எந்தப் பக்கம் உட்கார்ந்தது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. வேளாண்மை படித்தவள்தான். ஆனால் படிப்பைவிடத் துருவல் அதிகம். அந்தத் துருவலில் பிறந்ததுதான் ‘இலைக்கு என்ன?’ என்ற யூடியூப் சேனல். நோய் கண்ட இலையைக் கேமரா முன்னால் பிடித்துக்கொண்டு இது பூச்சியா, பூஞ்சணமா, வெறும் தண்ணீர்க் குறையா என்று சொல்லுவாள். மருந்தே வேண்டாம் என்றால் மருந்து விற்கிற வாயாலேயே வேண்டாம் என்பாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

நாற்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் ஒருத்தன் கல்லெடுக்காமல் இருப்பானா? வந்தான். பெயர் ‘ராஜநாகம்’. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாம்பு.

“மருந்து விக்கறவ மருந்து நல்லதுன்னுதான் சொல்லுவா” என்பது அவன் எழுதிய முதல் கமெண்ட். கலைமதி வெள்ளந்தியாக விளக்கம் எழுதினாள். பாம்புக்குப் பால் வார்த்த கதையாயிற்று. அடுத்து அவள் சேலையைப் பற்றி எழுதினான், சேலைக்கு உள்ளே இருப்பதைப் பற்றி எழுதினான். பிறகு ஒருநாள், “ஏழு மணிக்கு மேல அந்தக் கடைக்கு யாரு யாரு வந்துட்டுப் போறாங்கன்னு ஊருக்கே தெரியும்” என்று போட்டான். அதற்குக் கீழே முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

ஊருக்கு அதுவரை எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு எல்லாம் தெரிந்துவிட்டது. கடைக்கு வரும் பெண்கள் வேண்டியதை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் போனார்கள். கலைமதி ஐந்து மணிக்கே ஷட்டரை இறக்கினாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுத கண்ணோடு மறுபடி செல்லை எடுத்து, அவன் வேறு என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்தாள்.

பால் வண்டி ஓட்டும் அவள் கணவன் ரஞ்சித்குமார் நல்லவன்தான். ஆனால் நல்லவனுக்கும் டீக்கடைக்குப் போக வேண்டியிருக்கிறதே.

“சேனலை மூடிடு கலை. என்னப் பாத்து சிரிக்கறானுங்க. இந்த மாசத்தோட போதும்.”

“மூடிடறேன். அவன் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு மூடறேன்.”

போலீசுக்குப் போகலாம் என்றான். அந்த வரிகளை முன்பின் தெரியாத ஆள் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டுமே என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. தானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பூச்சி வரும் நேரத்தைக் குறித்து வைத்தால் அது என்ன பூச்சி என்று பிடித்துவிடலாம். ராஜநாகத்தின் கமெண்ட் வந்து செல் ஒலிக்கும்போதெல்லாம் மணியைப் பார்த்துக் கடைக் காலண்டரில் குறித்தாள். மூன்று வாரம் குறித்ததும் அழுகை நின்றது. ஆச்சரியம் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் முழுக்கக் காலையில் மட்டும் எழுதுகிறான், ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். அடுத்த வாரம் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துக்குள். மறு வாரம் திரும்பவும் காலை. ஷிப்டு வேலைக்குப் போகிறவனோ? அப்படியானால் ராத்திரி ஷிப்டு எங்கே? ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காத கம்பெனி எது? சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் இதே யோசனை. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அவள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தாள்.

விடை கடைக்கே நடந்து வந்தது. சந்தைக்கு வந்த முனியம்மாள் என்ற விவசாயக்காரம்மா வெண்டைக்கு மருந்து கேட்டுவிட்டு நிற்க முடியாமல் பறந்தாள்.

“வெரசா குடு கண்ணு. இந்த வாரம் எங்க லைனுக்கு மத்தியானக் கரண்டு. ரெண்டு மணிக்கு மோட்டாரு போடலீன்னா செடி காஞ்சிரும்.”

“போன வாரம் பெரிம்மா?”

“போன வாரம் காலையில உட்டான்.”

கலைமதி காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். மருந்து டப்பாவை எடுத்துக் கொடுக்க மறந்து நின்றாள். மோட்டார் ஓட்ட மின்வாரியம் ஒவ்வொரு லைனுக்கும் வாரம் மாற்றி விடும் த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற நேரமும் ராஜநாகம் வருகிற நேரமும் ஒன்றாக இருந்தன. மோட்டாரைப் போட்டுவிட்டுப் பாத்தி நிறையும் வரை செல்லை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு விவசாயிதான் அவன்! முனியம்மாளின் லைன் எது என்று கேட்டாள். ஏரிக்கோடி லைன்.

மறுநாள் இரண்டரை மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கோடி ரோட்டில் போனாள். வயலில் ஆள் குறைவு. ஒரு புங்கமரத்தடியில் மட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை, கட்டைவிரல் திரையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. ஆளை அவளுக்குத் தெரியும். மாது, ஐம்பது வயதிருக்கும். மாதம் ஒருமுறை கடைக்கு வந்து, இலையைக் காட்டிவிட்டு, அதிகம் பேசாமல் போகிறவர். வண்டியை நிறுத்தினாள்.

“என்னண்ணா, செல்லுல மும்முரமா இருக்கறீங்க. நம்ம வீடியோ எல்லாம் பாக்கறதுண்டா?”

மாது திடுக்கிட்டுச் செல்லைக் கவிழ்த்து மடியில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. “பாப்பேங்க...” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? கலைமதி வண்டியைத் திருப்பினாள். அன்று சாயங்காலமே வீடியோ போட்டாள். காலண்டரைக் காட்டினாள், கரண்ட் கணக்கை விளக்கினாள். “பேரு சொல்ல மாட்டேன். ஏரிக்கோடி லைன்ல, மோட்டாரைப் போட்டுட்டு, மரத்தடியில செல்லும் கையுமா உக்காந்திருக்கற ஒரு பெரிய மனுஷன். கடைக்கு வந்தா வாயே திறக்க மாட்டாரு. செல்லுலதான் வீரம்” என்று முடித்தாள். பெயரைச் சொல்லவில்லை என்பதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

அவள் சொல்லாததை மற்றவர்கள் சொன்னார்கள். விடிவதற்குள் யாரோ மாதுவின் பெயரைப் போட்டார்கள். யாரோ அவர் போட்டோவை ஒட்டி அவள் வீடியோவையே மறுபடி போட்டார்கள், இன்னொருவர் செல் நம்பரைப் போட்டார். பிறகு வசை. பெயரில்லாத நூற்றுக்கணக்கான பேர், சிங்கமும் புலியும் ரோஜாப்பூவுமாக வந்து காறித் துப்பினார்கள். பொய் சொல்லக் கூடாது, கலைமதிக்கு அது இனித்தது. “கெட்டிக்காரி” என்று ரஞ்சித்குமாரும் சொன்னான். சேனலை மூடும் பேச்சை அவன் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மாது கடைக்குள் வந்தார். கலைமதி கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். அவர் செல்லை நீட்டினார்.

“எம்போட்டோ வந்திருக்குதுங்கம்மா. கீழ என்னாவோ நெறைய எழுதியிருக்குது. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

“ஏண்ணா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?” என்றாள். குரலில் கேலி இருந்தது.

“தெரிஞ்சா நான் ஏங்க வர்றேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலீங்க. மைக்க அமுக்கி ‘இலைக்கு என்ன’ன்னு சொன்னா உங்க வீடியோ வந்துருது, பாப்பேன். அன்னிக்கு நீங்க கேட்டப்ப வெக்கமாப் போச்சு. லைக்கு எங்க போடறதுன்னு கேக்கலாம்னு நெனச்சேன், கேக்கல.” மூச்சு வாங்கினார். “ராத்திரி பகலா போன் வருதுங்க. அசிங்க அசிங்கமாப் பேசறானுங்க. என்னாத்துக்குன்னு சொல்ல மாட்டேங்கறானுங்க. மவ படிச்சுப் பாத்தா, அழுவுறா. அவளும் சொல்ல மாட்டேங்கறா. காலேஜுக்குப் போயி ரெண்டு நாளாச்சு.”

கலைமதி செல்லை வாங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு கமெண்ட் இருந்தது. போட்டு இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

‘சரியான ஆளப் புடிச்சீங்க அக்கா. இவன உடாதீங்க.’

எழுதியவன் ராஜநாகம்.

மத்தியானக் கரண்ட் வாரம் அது. அந்த லைனில் முந்நூறு மோட்டாராவது ஓடும், முந்நூறு பேருக்கும் அந்நேரம் கை சும்மா இருக்கும். நேரத்தைக் குறித்தவள் ஆட்களை எண்ணவில்லை.

“என்னாங்க எழுதியிருக்குது?”

அவள் படித்தாள். படிக்காமல் தப்பிக்க அவளுக்கு என்ன உரிமை இருந்தது? முதல் வரியைப் படித்தாள், இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவது அவர் மகளைப் பற்றியது. அதைப் படிக்காமல் நிறுத்திவிட்டாள்.

மாது தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த வீடியோவ நானும் கேட்டங்க. எங்க லைன்லயே இப்பேர்ப்பட்டவன் இருக்கறானான்னு வவுறு எரிஞ்சுது.” பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க சொன்ன அந்த ஆளு நானுங்களா?”

“ஆமாண்ணா” என்றாள். “தப்புப் பண்ணிட்டேன். இப்பவே வீடியோவ எடுத்துடறேன். உங்களுக்கு எழுதவே தெரியாது, நீங்க எழுதியிருக்க முடியாதுன்னு சொல்லிடறேன். எல்லார் வாயும் மூடிடும்.”

“ஐயோ, அது மட்டும் வேணாங்க!” மாது கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “காலேஜ் ஃபாரத்துல எம்மவ அப்பா பத்தாவதுன்னு எழுதியிருக்கறா. கூடப் படிக்கறதுங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கறா. நான் கையெழுத்து மட்டும் பழகி வெச்சிருக்கறேன். என்னக் கெட்டவன்னா நாலு நாள்ல மறந்துருவானுங்க. இது அவ மூஞ்சில ஒட்டிக்குங்க.”

செல்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ரோட்டைத் தாண்டும் முன்பே அவர் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

கலைமதி வீடியோவை நீக்கினாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். “நான் சொன்னது தப்பு. அந்த மனுஷன் ஒரு வார்த்தை எழுதல. பழி போட்டது நான், திட்டணும்னா என்னைத் திட்டுங்க” என்றாள். அதற்கு மேல் சொல்ல ஒரே ஒரு வரி இருந்தது. சொன்னால் அத்தனை பேரும் நம்பிவிடுவார்கள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கேமராவை நிறுத்தினாள்.

‘மிரட்டிட்டானா அக்கா?’ என்று முதல் கமெண்ட் வந்தது. ‘எவ்ளோ குடுத்தான்?’ என்று இரண்டாவது. ‘அவன் எழுதலன்னு உனக்கு எப்படித் தெரியும், ஆதாரம் என்ன?’ என்று மூன்றாவது. இருட்டுவதற்குள் இருநூறைத் தாண்டியது. அவள் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.