ஒன்பதாம் படி

அவன் எடுக்கும் பன்னிரண்டாவது பேய்ப்பட மேக்கிங் வீடியோ இது. மொத்தம் மூன்று நிமிடம். முதல் நிமிடத்தில் பசை, சிவப்புச் சாயம், சவுரிமுடி. இரண்டாவது நிமிடம் இயக்குநர் தாடியைத் தடவிக்கொண்டு பேசுவார். மூன்றாவதில் யாராவது ஒருவர் படப்பிடிப்பில் நடந்த அமானுஷ்யத்தைச் சொல்ல வேண்டும். விளக்கு தானாக அணைந்தது, கதவு தானாகத் திறந்தது. பதினொரு படத்திலும் அணைந்தது, திறந்தது. கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இந்தப் படத்தில் நிஜமாகவே ஒன்று நடந்தது. லைட்மேன் ஒருவர் பெரிய ஏணியின் ஒன்பதாம் படியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவனுடைய அக்காவின் கணவர்.

படி ஆடுகிறது என்று மாமா இரண்டு முறை சொல்லியிருந்தார். புரொடக்ஷன் மேனேஜர் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டு, இன்னும் பத்துப் படம் தாங்கும் என்றார். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இப்போது அதே படியில் புதுக் கம்பி. திங்கட்கிழமை அடுத்த படத்துக்கு அதே ஏணி போகிறது. ஏறப்போகிறவர்கள் மாமாவின் ஆட்கள் நான்கு பேர்.

மாமாவின் வீட்டு முன்னறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்தான். மேனேஜரும் கூடவே வந்திருந்தார்.

"ஏதோ ஒரு கை பின்னாடியிருந்து தள்ளுச்சு. அவ்வளவுதாங்க, ஒரே வரி," என்றார் மேனேஜர்.

"ஒன்பதாவது படியில நிக்கிறவனைப் பின்னாடியிருந்து தள்ளணும்னா பேயும் ஒரு ஏணி போடணுமே சார்," என்றார் மாமா. "படி பிடுங்கிக்கிச்சு. அதைச் சொல்றேன்."

"சொல்லுங்க. கால் சரியானதும் வேற கம்பெனியைப் பாருங்க."

சமையலறை வாசலில் நின்ற அக்கா, "நீ இதைத்தான் எடுக்க வந்தியாடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும்க்கா."

"ஏறுனது நீ இல்ல. அந்த மனுஷன்."

அவன் மைக்கை மாமாவின் சட்டையில் குத்தினான்.

பேட்டிக்கு முன்னால் அரை நிமிடம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்வது அவன் வழக்கம். வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் போட அது வேண்டும். கையைத் தூக்கினான். மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. எங்கோ குழாய் சொட்டியது. மேனேஜர் மூச்சுவிட்டார். மாமா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். சீட்டாட்டத்தில் மாமா ஜெயிக்கப்போகும்போது அப்படித்தான் பார்ப்பார்.

கையை இறக்கினான்.

"என்னை யாரும் தள்ளல," என்று மாமா மெதுவாக ஆரம்பித்தார். மேனேஜர் எழுந்தார். "அது அந்த ஏணியிலதான் இருக்கு. ஒன்பதாவது படியில. நாலு நாளா கால் வைக்கிறப்பல்லாம் முனகுச்சு. கம்பி போட்டுக் கட்டிப் பாத்தாங்க. கட்டுக்கு அடங்கல. இனிமேயும் அடங்காது. அடுத்து யாரைக் கேக்குமோ, தெரியல."

மேனேஜர் உட்கார்ந்தார். "பிரமாதம்ங்க. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடியே ரெண்டு தடவை சொன்னேன் சார்," என்றார் மாமா.

அவன் அலுவலகத்துக்குப் போய் வீடியோவை வெட்டினான். மாமாவின் குரல் ஓடும்போது திரையில் அந்தப் படி, கம்பி, சுவரில் ஏணியின் நிழல். நடுவில் அந்த அரை நிமிடத்து மௌனத்தில் ஆறு நொடி. குழாய் சொட்டுவது பேய்வேலை மாதிரியே கேட்டது. இயக்குநருக்குத் தன் பேச்சைவிட ஏணி நன்றாக வந்திருக்கிறதே என்று வருத்தம். வெள்ளிக்கிழமை படத்தோடு வீடியோவும் வெளியானது.

திங்கள் காலை பத்து மணிக்கு மேனேஜர் போன் செய்தார்.

"ஒருத்தனும் ஏற மாட்டேங்கிறான்யா. நாலு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. ஹீரோ வந்து உக்காந்தாச்சு. உங்க மாமாவை விட்டு அது பொய்னு சொல்லச் சொல்லு."

"சொல்லலாம் சார். படம் ஓடிட்டிருக்கு. மேக்கிங் வீடியோ பொய்னு நாமளே சொன்னா நல்லாவா இருக்கும்?"

மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை. பிறகு, யாரிடமோ, போய்ப் புது ஏணி வாங்கி வா என்ற அதட்டல்.

அவன் மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"அலுமினியமா, மரமா?"

"கேக்கல மாமா."

"கேளு. ஷாக் அடிக்காததா வாங்கச் சொல்லு. அதுக்கும் ஒரு பேயைத் தேட என்னால ஆகாது மாப்ள."