பூதக்கிழவி சட்டிக்கு வழி

எங்கள் ஊரில் யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். கல்ட்விக்கின் கடைசி வீடு என்னுடையது. அதைத் தாண்டினால் பள்ளத்தாக்குப் பாதை, ஆறு, மலை, வேறொன்றும் இல்லை. சமையலறை ஜன்னலில் ஒரு பைனாகுலர் வைத்திருக்கிறேன், பறவை பார்ப்பதற்கு. பறவை பார்த்து வருஷக்கணக்காகிறது.

அப்படிப்பட்ட நான், அக்டோபர் மாதத்து ஒரு மத்தியானம், அடுத்த வீட்டில் விடுதி நடத்துகிற ஸ்டெய்ன்வோர் மழையில் தலைவிரி கோலமாக ஓடிவந்து, "ஹல்பெரா, என் வீட்டு பெல்ஜியத்துப் பொம்பளைங்க ரெண்டு பேரையும் பாத்தியா?" என்று கேட்டபோது, "பாக்கலயே" என்று சொன்னேன்.

பார்த்திருந்தேன். காலை பத்து மணிக்கு, சிவப்பு மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டித்தான் போனார்கள். சின்னவள் ஹில்டா என்னைப் பார்த்துக் கை வேறு ஆட்டினாள். எங்கே போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வழி சொன்னதே நான்தான்.

"நீ பாக்காம ஒரு பூனை இந்த ரோட்டுல போவுமா?" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

"தூங்கிட்டேன்டி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பகலில் தூங்குகிற ஜாதி இல்லை நான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நின்று சந்தேகப்பட அவளுக்கு நேரம் இல்லை. பன்னிரண்டு மணிக்கே ஆரஞ்சு நிறப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. காற்று என் கூரைத் தகரத்தை ஒரு ஓரத்தில் பிடித்துக் கொண்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

அவள்மேலும் தப்பில்லை. எச்சரிக்கை வந்தவுடன் மீட்புக்குழுவின் தலைவன் பார்துர் எல்லா விடுதிக்காரர்களுக்கும் போன் போட்டு, தங்கியிருக்கிறவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்டான். ஸ்டெய்ன்வோர் வழக்கம்போல நடையில் கிடந்த செருப்பு, ஷூக்களை எண்ணினாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவோம். வாசலில் கழற்றாமல் எங்கள் வீடுகளுக்குள் ஒருவரும் வருவதில்லை. நடையில் ஷூ இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பெல்ஜியத்து அக்கா தங்கையின் மலையேறும் ஷூ இரண்டு ஜோடியும் அங்கேயே இருந்தன. காரும் வாசலில் நின்றது. "எல்லாரும் உள்ளதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். இரண்டு மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்ற மாடிக்குப் போனபோதுதான் அறை காலி. கொட்டகையில் இருந்த ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடியைக் காணவில்லை.

ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள், ஆற்றைக் கடக்கணும் என்று சொன்னதும் நான்தான்.

ஏன் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். முதலில் எங்கள் ஊர்க்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மீன் உறைய வைக்கிற ஆலை ஒன்றை நம்பித்தான் நாங்கள் இருந்தோம். படகையும் மீன் பிடிக்கிற உரிமையையும் ஒரேநாளில் வடக்கே விற்றுவிட்டார்கள். எட்டு வீட்டு ஜன்னலில் பலகை அடித்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் நான்கு பிள்ளைகள். அப்புறம் தெற்கே அந்த எரிமலை வெடித்தது. சாம்பல் கக்கி ஐரோப்பா முழுக்க விமானத்தை நிறுத்தியது. உலகமே எங்களை டிவியில் பார்த்தது. பயந்து ஓடுவார்கள் என்று நினைத்தோம். டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு அந்த மீன் ஆலை ஒரு ஹோட்டல். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அதே இடத்தில் மீன் சூப் பரிமாறுகிறார்கள். பாதிரியார் வாரத்தில் ஆறு நாள் சுற்றுலா பஸ் ஓட்டுகிறார். ஏழாம் நாள்தான் கர்த்தருக்கு. பார்துர் எலக்ட்ரீஷியன், ஹோட்டல் ஹீட்டர் கெட்டால்தான் அவன் வீட்டில் அடுப்பெரியும். நான் கார் நிறுத்துகிற ஷெட்டில் கம்பளி ஸ்வெட்டர் விற்கிறேன். பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள். ஒரு சீசன் படுத்தால் பதினோரு பிள்ளையும் தலைநகரத்துக்குப் போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் வருகிறவர்களுக்குத் திறந்துவிட்டோம்: அருவி, கருமணல் கடற்கரை, கல்லறை, மாதா கோயில் மணி. ஒன்றைத் தவிர. பள்ளத்தாக்கில் முக்கால் மணி நேரம் நடந்து, ஆற்றைக் கடந்தால், பாறைக்கு நடுவில் வெந்நீர் ஊற்று ஒன்று இருக்கிறது. பூதக்கிழவி சட்டி என்று பெயர். ஆறு பேர் உட்காரலாம். அதை மட்டும் ஒருவரிடமும் சொல்வதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் கையைத் தூக்கி முடிவு செய்தோம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவளே ஸ்டெய்ன்வோர்தான். "நமக்குன்னு குளிக்க ஒரு சட்டியாவது மிஞ்சட்டும்" என்றாள். எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கியது நான்.

புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா பெட்ராவும் தங்கை ஹில்டாவும் என் ஷெட்டுக்கு வந்தார்கள். ஐம்பது வயதுக்காரிகள், வாயாடிகள், எனக்குப் பிடித்துப்போயிற்று. காபி கொடுத்தேன். "எங்க போனாலும் எங்கள மாதிரியே ஆளுங்கதான் நிக்குது" என்று பெட்ரா அலுத்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்டாள்: "நீங்கள்லாம் எங்க போவீங்க?"

பதினைந்து வருஷத்தில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. டாய்லெட் எங்கே, வைஃபை என்ன, ஸ்வெட்டர் குத்துமா, இவ்வளவுதான் கேட்பார்கள். என் நாக்கைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது உண்மையாயிற்று. ஸ்வெட்டர் சுற்றிய காகிதப் பையிலேயே படம் போட்டுக்கொடுத்தேன். ஆறு, வளைவு, ஒற்றைப்பாறை, சட்டி.

ஆனால் புயல் வரப்போவதை நான் பார்க்கவில்லை. காலையில் அவர்கள் கை ஆட்டிப் போனபோது வானம் சும்மாதான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார்கள் என்று இருந்தேன். பிறகு ஒரு மணிக்கு என்று. ஸ்டெய்ன்வோர் வந்து கேட்டபோது, இந்த வளைவில் இப்போது தெரிவார்கள், இப்போது தெரிவார்கள் என்று அவள் தோளுக்கு மேலே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் நான் ஊரில் எப்படி இருப்பது? போன வருஷம் ஸ்டர்லா என்பவன் நாங்கள் மறைத்து வைத்திருந்த கழுகுக்கூட்டை ஒரு போட்டோக்காரனிடம் காட்டிக்கொடுத்தான். நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் அவன் இறங்கினால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார்கள். ஐந்தே மாதத்தில் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டான். பேச்சில்லாமல் என்னால் ஐந்து நாள் இருக்க முடியாது.

மூன்று மணிக்கு ஊரே மீட்புக்குழுக் கொட்டகையில் கூடிவிட்டது. ஆண்கள் கயிறும் விளக்கும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். கார் இல்லாமல் நடந்து போகிற தூரத்தில் வேறு என்ன இருக்கிறது? ஸ்டெய்ன்வோரின் புருஷன் ஓர்முர்தான் முன்னால். நாங்கள் பெண்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினோம். நான் மூன்று ரொட்டிக்கு ஒரே பக்கத்தில் இரண்டு தடவை தடவினேன்.

"தடவினதையே தடவாத, ஹல்பெரா" என்றாள் ஸ்டெய்ன்வோர். "என் வீட்லேருந்து ரெண்டு பொணம் போச்சுன்னா... யாரு வருவா இந்த ஊருக்கு? அது கெடக்கட்டும். அந்தச் சின்னவ காலைல எனக்கு முட்டை உரிச்சுக் குடுத்தா, தெரியுமா? நான் விடுதிக்காரி. அவ எனக்கு உரிச்சுக் குடுக்கறா."

நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ சொல்லிவிடலாம், இந்த ரொட்டியை முடித்துவிட்டுச் சொல்லிவிடலாம்.

மேஜைமேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. ஓர்முரின் குரல்.

"பார்துர், பாறைக்கு அந்தாண்ட செவப்பா ஒண்ணு மெதக்குது. கோட்டு மாதிரி இருக்கு. நான் எறங்கறேன்."

"எறங்காத, ஓர்முர். அலையப் பாரு."

"கயிறு இருக்கில்ல? இறுக்கிப் பிடிங்கடா."

ஸ்டெய்ன்வோர் எழுந்து நின்றாள். வெண்ணெய்க் கத்தி கையிலேயே இருந்தது. வாக்கி டாக்கியில் கடல் மட்டும் கேட்டது. அந்தக் கடற்கரையில் ஏழு அலை சின்னதாக வரும், எட்டாவது ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். எங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். யாரோ கத்தினார்கள். பிறகு "இழு! இழு!" பிறகு ஒன்றுமே இல்லை.

அந்த வாக்கி டாக்கி அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் கிடந்து நான் பார்த்ததில்லை.

"புடிச்சாச்சு" என்றது பார்துரின் குரல். "ஓர்முர் இருக்கான். தண்ணி குடிச்சிருக்கான். அது கோட்டு இல்ல, வலை மெதவை. இன்னொரு தடவ எறங்கணும்ங்கறான் இந்தக் கிறுக்கன்."

நான் ஸ்டெய்ன்வோருக்கு முன்னால் பாய்ந்து வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"எறங்க வேணாம்! அவங்க அங்க இல்ல. பூதக்கிழவி சட்டிக்குப் போனாங்க. பத்து மணி அஞ்சு நிமிஷம். செவப்புக் கோட்டு, பச்சை ரப்பர் பூட்ஸ். வழி நான்தான் சொன்னேன்."

பதினெட்டுப் பெண்கள் இருந்த கொட்டகை. ஒரு கத்தி தட்டில் படுகிற சத்தம்கூட இல்லை. ஸ்டர்லா தொட்டியில் இறங்கும்போது நானும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டேன். உள்ளேயிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பார்துர் மட்டும் பேசினான். "ஆத்துல தண்ணி எவ்ளோ இருக்கு? உன் ஜன்னல்லேருந்து தெரியுமே, போய்ப் பாத்துச் சொல்லு."

ஓடினேன். ஸ்டெய்ன்வோரும் கூடவே ஓடிவந்தாள். திட்டுவதற்கு என்று நினைத்தேன், திட்டவில்லை. ஜன்னலில் நானும் அவளும் பைனாகுலரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பார்த்தோம். காலையில் முழங்கால் ஆழம் ஓடிய ஆறு கரையைத் தின்றுகொண்டு பழுப்பாக ஓடியது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அதில் யாரும் திரும்பி வந்திருக்க முடியாது. முயற்சி செய்திருந்தால் அவர்கள் இப்போது கடலில்தான் இருப்பார்கள். ஓர்முர் தேடியது சரியான இடமாகவே ஆகியிருக்கும். அந்த நினைப்பு வந்ததும் நான் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய சக்கர ஜீப் வந்தது. ஈரத்துணியோடு ஓர்முர்தான் ஓட்டினான். ஆற்றின் ஆழம் அவனுக்குத்தான் தெரியும். விளக்கு இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின. நடுவில் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு விளக்கு அணைந்த மாதிரி இருந்தது.

"சொல்லு, என்ன தெரியுது?" என்றாள் ஸ்டெய்ன்வோர். பைனாகுலர் என் கையில் இருந்தது.

"சாஞ்சிருக்கு."

"பொய் சொல்லாத."

"இனிமே சொல்ல மாட்டேன். சாஞ்சிருக்கு. நிக்குது. நவுறுது, ஸ்டெய்ன்வோர், நவுறுது. ஏறிட்டான்."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்" என்றாள்.

பெட்ராவும் ஹில்டாவும் சட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கழற்றி வைத்த துணியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. வெளியே வந்தால் விறைத்துப்போவோம் என்று நாலரை மணி நேரம் கழுத்தளவு வெந்நீரில் இருந்திருக்கிறார்கள், பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டதால் தப்பிய, என்னிடம் வாங்கிய ஸ்வெட்டர் இரண்டையும் தலையில் சுற்றிக்கொண்டு. பெட்ராவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்ததாம். அவள் முகம் தண்ணீருக்குள் போய்விடாமல் ஹில்டா தாடையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். மடங்கிய அவள் விரல் மறுநாளும் நிமிரவில்லை.

பெல்ஜியத்துக்குப் போனதும் ஹில்டா நன்றி சொல்லி நெட்டில் எழுதிவிட்டாள். எங்களைக் காப்பாற்றிய சட்டி என்று. கூடவே என் காகிதப் பையின் படம்: ஆறு, வளைவு, ஒற்றைப்பாறை. அந்தக் குளிர்காலத்தில் கல்ட்விக்கில் ஒரு அறைகூடக் காலியில்லை. வருஷத்தில் அந்த மூன்று மாதம் நாங்கள் எப்போதும் பட்டினி. இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டாவது பிள்ளை வந்திருக்கிறது, புது சமையல்காரனின் மகள். ஆற்றுக்குப் பாலம் போடலாமா என்று பஞ்சாயத்து யோசிக்கிறது. யோசிக்கிறது.

நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் நான் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். ஓர்முர் மட்டும் தலையாட்டுவான். ஸ்டெய்ன்வோர் என்னிடம் பேசுகிறாள், தினம் ஒரே ஒரு கேள்வி. சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து: "சட்டிக்குப் போனது எத்தனை, வந்தது எத்தனை?"

பதில் சொல்வதற்காகக் காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகருவதில்லை. ஒண்ணுக்குப் போவதற்குக்கூட ஓடிப்போய் ஓடிவருகிறேன். மழை தூறினால் பைனாகுலரைக் கீழே வைப்பதில்லை. முன்னெல்லாம் யார் யாரோடு போகிறார்கள் என்று பார்ப்பேன். இப்போது ஆளை எண்ணுகிறேன், கால் பார்க்கிறேன், ரப்பர் பூட்ஸா, மெல்லிய ஷூவா என்று.

இன்றைக்கு ஏழு பேர் போனார்கள். ஆறு பேர் வந்துவிட்டார்கள். பத்து நிமிஷமாக ஆற்றின் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது.

ஸ்டெய்ன்வோர் வேலிக்கு வரும்வரை காத்திருக்கவில்லை. போனை எடுத்துவிட்டேன்.

"பார்துர், ஹல்பெரா பேசறேன். நீலத் தொப்பி, ஒல்லியான பையன், இருவது வயசிருக்கும், தனியா. பதினொண்ணே கால். கால்ல வெறும் கேன்வாஸ் ஷூ. ஆமா, பாத்தேன். நான்தான் பாத்தேன்."