இறங்காதீங்க

நீளப் பெஞ்சில் ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரியாதவர் பார்த்தால் ஏழு பேருக்கும் ஒரேயடியாகப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் பதினாலு வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டியவள். வார்டு வேலையைக் குத்தகைக்கு விட்டதும் பழைய ஆட்கள் வெளியே வந்தார்கள். பதினோரு மாதமாக வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது. இந்த ஏஜென்சி, ஸ்பானிஷ் பேசும் ஊரின் முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறது. தேர்வு ஸ்பானிஷில், ஒரே தடவைதான்.

"அக்கா, திறக்காதீங்கன்னு எப்படிச் சொல்றது? மறந்தே போச்சு." பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். அதுவரை செருப்புக் கடையில் வேலை பார்த்தவள்.

"நான் திறக்கிறேன், அப்ரோ. கடைசி 'ஓ'வைத் தூக்கிப் போடு. இது 'இர்'ல முடியற வினை, அதனால 'ஆ' போடு. முன்னால நோ. நோ அப்ரா."

"பேசாதீங்க?"

"அது 'ஆர்' வினை, அதுக்கு 'எ'. ஆப்லோ, நோ ஆப்லெ. எல்லாம் தலைகீழ்தான். சின்னவங்ககிட்டன்னா கடைசியில ஒரு ஸ் வரும். நமக்கு எல்லாரும் பெரியவங்க, ஸ் வேணாம்."

"நல்லா வருதேக்கா உங்களுக்கு."

"எந்திரிங்க, சாப்பிடுங்கன்னு கெஞ்சியே பழகின வாய் இது. வேணாம்னு அதட்டக் கத்துக்க மூணு மாசம் பாடாய்ப் பட்டிருக்கு."

அவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு கட்டில், அதில் நோயாளியாக நடிக்க நாள் கூலிக்கு வந்த கிழவி. மேஜைக்குப் பின்னால் அதிகாரி. கிழவி செய்யப்போவதை ஸ்பானிஷில் வாயால் சொல்லித் தடுக்க வேண்டும். பத்தில் ஒன்று விட்டாலும் போச்சு.

கிழவி ஜன்னலைத் திறக்கப் போனாள். "நோ அப்ரா." மருந்தை வாயில் போடப் போனாள். "நோ தோமெ." ஒன்பதும் பிசிறில்லாமல் வந்தன. பத்தாவதாகக் கிழவி கட்டிலிலிருந்து இறங்க, கீழே இருந்த முக்காலியில் கால் வைத்தாள். காலையிலிருந்து ஏறி இறங்கி மரத்துப்போன கால். முக்காலி சறுக்கியது.

வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. கை அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு கை அக்குளில், ஒரு கை இடுப்பில், முழங்காலுக்கு முழங்கால் முட்டுக்கொடுத்து அவள் கிழவியைத் தாங்கிக் கட்டிலில் சாய்த்தாள். வார்டில் முதலில் பிடிப்பார்கள், அப்புறம்தான் பேச்சு.

"ஒண்ணுமில்லம்மா, மூச்சு விடுங்க."

"நீங்க சொல்லவே இல்லியே," என்றார் அதிகாரி.

"நிஜமாவே சறுக்கிட்டாங்க சார்."

"பாத்தேன். தாள்ல சொன்னாங்களான்னு மட்டும்தான் கேட்டிருக்கு."

"இப்பச் சொல்றேன் சார். நோ பாஹெ, இறங்காதீங்க."

"இப்பதான் படுத்துட்டாங்களே. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

கிழவி அவள் விரல்களை விடவில்லை. அவளாகத்தான் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வெளியே வந்து பையை எடுத்தாள்.

கதவு திறந்தே கிடந்தது. பத்தாவதுக்கு, "இறங்க வேணாம், சும்மா காலை ஆட்டுங்க," என்று அதிகாரி கிழவியிடம் சொல்வது கேட்டது. செருப்புக் கடைக்காரி எட்ட நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கணீரென்று சொன்னாள்: "நோ பாஹெ."

அதிகாரி டிக் போட்டார். கவிழ்ந்த முக்காலி கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்தது.