பக்கவாட்டில் வந்த பெயர்

ஆடிக்கொண்டிருக்கும்போதே படம் போய்விட்டது. மகா கையை எடுக்கவில்லை.

அடுகோடி ஏரியாவில் ஸ்ரீகண்டனின் வீடியோ கேம் கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சண்டை கேமில் கடைசி ஆள், கடைசி ரவுண்டு. திரை சுருங்கி ஒரு வெள்ளைக் கோடாயிற்று. பிறகு கோடும் போயிற்று. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மகா கார்மென்ட்ஸில் தைப்பவள். அத்தனை மெஷின்களின் இரைச்சலில் தன் மெஷின் ஊசி மழுங்குவதைக் காதாலேயே பிடிப்பாள். எதிராளி உதைப்பதற்கு முன் ஓர் உறுமல் உறுமுவான் என்பது அவளுக்குத் தெரியும். உறுமலுக்குக் குனிந்தாள். மூச்சுக்குக் குத்தினாள். ஜெயித்தவர் பாட்டு வந்தது. பெயர் போடும்போது வருகிற டிக் டிக்கும் வந்தது. அதை எண்ணி எண்ணி ஜாய்ஸ்டிக் குச்சியைத் தள்ளி எம், ஏ, எச் என்று போட்டாள். போட்டதாக நினைத்தாள்.

"ஜெயிச்சிட்டேன். ஃபர்ஸ்டு நான்தான்."

"யார் பாத்தா?" என்றான் நாகேஷ்.

நாகேஷ் எதிர் ஒர்க்ஷாப்பில் டிங்கர். காலையிலிருந்து முதல் பெயர் அவனுடையது.

"பாட்டு கேட்டுச்சில்ல."

"பாட்டு மெஷின் சும்மா இருக்கிறப்பவும் பாடும். சுள்ளு சொல்லாத மகா, பொய் செல்லாது."

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிறு மதியத்துக்கு மேல் மெஷின் எப்போது அணைகிறதோ, அப்போது மேலே இருக்கும் பெயருக்கு அடுத்த ஞாயிறு காலை முழுக்க மெஷின் சொந்தம். அணைப்பது ஸ்ரீகண்டனின் கையாகவும் இருக்கலாம், கரண்டு ஆபீஸாகவும் இருக்கலாம். அணைந்தால் எல்லாப் பெயரும் அழிந்துவிடும். மெஷினுக்கு ஞாபகசக்தி அவ்வளவுதான். அதனால் யாராவது பார்த்த பெயர்தான் செல்லும். மகாவுக்கு லீவு ஞாயிறு மட்டும். போன ஞாயிறுகளில் எல்லாம் பையன்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள்.

ஸ்ரீகண்டன் ஆள் அனுப்பி மதலைமுத்துவை வரவழைத்தான். நாலு கடை தள்ளி டிவி ரிப்பேர் செய்பவர். நீளமான ஸ்க்ரூ டிரைவரும் ஒரு தலையணையுமாக வந்தார். மெஷினின் பின்பக்கம் போனதும் இடது கை தானாகப் பேன்ட்டின் பின்பாக்கெட்டுக்குள் போனது. பிக்சர் டியூப் பக்கத்தில் ஒற்றைக் கைதான். ரெண்டு கையும் போனால் கரண்டு ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும் என்பார்.

"தாலி கட்றப்பதான்பா அந்தக் கைய வெளிய பாத்தோம்" என்றான் நாகேஷ்.

"அதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, அங்கயும் ஒரு கைய உள்ளயே வெச்சிருக்கணும்னு" என்றார் மதலைமுத்து. "ஸ்ரீகண்டா, ஆஃப் பண்ணு."

"வேணாம்ணா" என்றாள் மகா.

"ஏம்மா?"

"என் பேரு உள்ள இருக்கு."

மதலைமுத்து ஸ்ரீகண்டனைப் பார்த்தார். ஸ்ரீகண்டன் விஷயத்தைச் சொன்னான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பவர் இருக்கிற பெட்டிக்குள்ள நான் கைய விடமாட்டேன்."

"கரெக்டுணா, ஆஃப் பண்ணிடுங்க. சேஃப்டிதான் முக்கியம்" என்றான் நாகேஷ்.

செருப்பில்லாமல் வெல்டிங் அடிப்பவன் அவன். கடை முழுக்கச் சிரித்தது.

ஸ்ரீகண்டனின் கை ஸ்விட்சுக்குப் போனது. மகா போய் ஸ்விட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள். வெளியே முதல் இடி இடித்தது. லைட் ஒரு தரம் கண்ணடித்தது. ஸ்ரீகண்டன் கையை இறக்கினான்.

"அண்ணா, கார்மென்ட்ஸ்ல மெஷின் நின்னுபோனா துணிய அப்படியே பக்கத்து மெஷினுக்கு மாத்திடுவோம். இதுல படத்தைப் பக்கத்து டியூபுக்கு மாத்த முடியாதா?"

மதலைமுத்து குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். போன வருஷம் இதற்கும் பக்கத்து ஏரோப்ளேன் கேமுக்கும் படத்து ஒயரை அவர்தான் நீட்டிவிட்டிருந்தார். நடுவில் இருக்கும் பிளக் இரண்டும் கீழே, காசுப்பெட்டிக்குப் பின்னால், டியூபுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. அதில் ஓடுவது கடிக்கிற கரண்டு அல்ல.

"பண்ணலாம். ஆனா யாரும் என்னைத் தொடக் கூடாது. நாகேஷு, முக்கியமா நீ."

ஏரோப்ளேன் கேமை இழுத்து ஒட்டி வைத்தார்கள். மதலைமுத்து குந்தி உட்கார்ந்து, கை பாக்கெட்டில் இருந்தபடியே, அங்கே ஒரு பிளக்கைப் பிடுங்கி இங்கே செருகினார். ஏரோப்ளேன் திரையில் படம் வந்தது.

படுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கேமுக்கு டியூபை நெட்டுக்குத்தலாக மாட்டியிருந்தார்கள். சண்டைக்காரர்கள் இருவரும் சுவரில் நடக்கும் பல்லிகள் மாதிரி ஒருவரையொருவர் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீகண்டன் தலையை வலது தோளில் சாய்த்தான். மகா சாய்த்தாள். பின்னால் நின்ற பையன்கள் எல்லோரும் சாய்த்தார்கள். சாட்சி சொல்ல வேண்டுமே என்று எல்லோருக்கும் முன்னால் போய் நின்ற நாகேஷ் இடுப்போடு சாய்ந்தான்.

"பேரு எப்ப வரும்?"

"இது மெஷின் தானா ஆடிக் காட்டுற சண்டை. இது முடியணும். அப்புறம் ஒரு விளம்பரம். அப்புறம் பேரு."

"கழுத்து வலிக்குது குரு." அந்தக் கடையில் எல்லோருக்கும் எல்லோரும் குருதான்.

"நிமிராத. நிமிர்ந்தா விட்டுடுவ."

மழை விழுந்தது. டீ கொண்டுவந்தவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். ஒரு கடை நிறைய ஆட்கள், எல்லாத் தலையும் ஒரே பக்கம். அவரும் சாய்த்துப் பார்த்தார். தட்டும் கூடவே சாய்ந்தது. டீ முன்னால் நின்றவனின் முதுகில் ஊற்றியது. அவன் அலறினான். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. அங்கே ஆரம்பித்த சிரிப்பு வரிசையாகப் பரவி மகாவிடம் வந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்கினால் விக்கல் வரும். வந்தது. விக்கலுக்கு விக்கல் படம் மேலும் கீழும் குதித்தது. எழுத்தைத் தப்பாக எண்ணியிருந்தால் என்ற பயமும் கூடவே குதித்தது.

சண்டை முடிந்தது. விளம்பரம் முடிந்தது. எழுத்துகள் செங்கல் அடுக்கியது போல நின்றன.

"எம்" என்று படித்தான் நாகேஷ். பஸ் போர்டானாலும் சத்தம் போட்டுப் படிப்பது அவன் பழக்கம். "ஏ. எச்." அடுத்த வரிக்குப் போனான். "என், ஏ, ஜி."

தான் என்ன படித்தோம் என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

கரண்டு போய்விட்டது.

இருட்டில் மழை கேட்டது. பிறகு ஒரு விக்கல். கடையே வெடித்துச் சிரித்தது. யாரோ மகாவைத் தூக்கப் பார்த்து ஸ்ரீகண்டனைத் தூக்கிவிட்டார்கள்.

"இப்பத்தான் எனக்கு வேலை" என்றார் மதலைமுத்து.

மெஷினின் ஒயரைச் சுவரிலிருந்து உருவி, பிளக்கைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரண்டு திடீரென்று வந்தாலும் பிளக் அவரிடம் இருக்கும். மகா டார்ச் பிடித்தாள்.

"கரண்டே இல்லியே, இப்பவும் எதுக்குணா பாக்கெட்ல கை?" என்றான் நாகேஷ்.

"சுவத்துல இல்ல. டியூபுல இருக்கு."

ஸ்க்ரூ டிரைவரின் கழுத்தில் ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் எர்த் கம்பியில் கவ்வவிட்டார். பிடியை மட்டும் பிடித்து, டியூபின் மேலிருந்த ரப்பர் தொப்பிக்கு அடியில் நுனியை நுழைத்தார். டப் என்று நீலமாக ஒரு பொறி. நாகேஷ் மகாவுக்குப் பின்னால் இருந்தான். எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"இரு. செத்த மாதிரி நடிக்கும். மறுபடி ஊறும்."

எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடி நுழைத்தார். டிப் என்று சின்னதாக ஒன்று. மூன்றாம் தரம் ஒன்றுமில்லை. அப்புறம்தான் இடது கை வெளியே வந்தது. பையன்கள் கை தட்டினார்கள். அவர் அந்தக் கையை ஆட்டிக் காட்டினார்.

தொப்பியைக் கழற்றி, பின்னாலிருந்த போர்டையும் ஒயர்களையும் பிரித்து, டியூபின் முகத்தை நெஞ்சோடு அணைத்து வெளியே எடுத்தார். நாகேஷ் உதவிக்கு வந்து டியூபின் ஒல்லிக் கழுத்தைப் பிடிக்கப் போனான்.

"கோழியா அது? கழுத்தை விடு. ஒடைஞ்சா உள்வாங்கி வெடிக்கும். கண்ணு போயிடும்."

டியூப் தலையணையில் முகம் குப்புறப் படுத்தது. கரண்டு வந்தது. மதலைமுத்து போர்டைத் திருப்பி லைட்டில் பார்த்தார். ஒரு பார்ட்ஸின் காலைச் சுற்றி ஈயம் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதுசாக வைத்தார். கோடாகச் சுருங்கியது அதனால்தான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சட்டைப் பையிலிருந்த பிளக்கை ஸ்ரீகண்டனிடம் கொடுத்தார். இடது கை உள்ளே போனது.

படம் வந்தது. நிமிர்ந்து, முழுசாக. பெயர்ப் பட்டியலும் வந்தது. கம்பெனிக்காரன் போட்ட ஏதேதோ பெயர்கள். மகா இல்லை, நாகேஷும் இல்லை.

நாகேஷுக்கு உயிர் வந்தது. "எங்கம்மா உன் பேரு? காட்டு பாக்கலாம்."

மகா டார்ச்சைக் கீழே வைத்தாள். தலையை வலது தோளில் சாய்த்து அவனைப் பார்த்தாள். ஸ்ரீகண்டன் சாய்த்தான். பையன்கள் சாய்த்தார்கள். டீக்கடைக்காரர் தட்டை முதலில் கீழே வைத்துவிட்டுச் சாய்த்தார்.

நாகேஷ் ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். அவனுடைய தலையும் மெல்ல இறங்கியது.

"எம், ஏ, எச்" என்றான். "போதுமா?"

அடுத்த ஞாயிறு காலை மகா வந்தபோது மெஷின் முன்னால் ஒரு புதுப்பையன் ஆடிக்கொண்டிருந்தான். நாகேஷ் அவன் தோளைத் தட்டினான்.

"எழுந்திரு குரு. ஓனர் வந்துட்டாங்க."

"எந்த ஓனர்?"

நாகேஷ் அவனைக் கையால் ஒதுக்கினான். மகாவைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான். வரிசையில் இருந்த தலைகள் எல்லாம் சாய்ந்தன. அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கிக்கொண்டே உட்கார்ந்து குச்சியைப் பிடித்தாள்.