இடது பக்கம் பதினொன்று

ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவில் அவளை எல்லாரும் பொம்மையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரிலேயே ஆளில்லாத உடம்புகளைச் செய்வது அவள் வேலை. தோல், எலும்பு, நுரையீரல் என்று எல்லாம் வைத்து, சிலவற்றில் ஒரு சின்னக் கட்டியையும் ஒளித்துவைப்பாள். பார்த்தால் நிஜ ஆளின் சிடி ஸ்கேன் போலவே இருக்கும். கட்டியைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை வைத்துத்தான் புரோகிராமைப் பழக்குவார்கள், சோதித்தும் பார்ப்பார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் இப்படி நாற்பது உடம்புகளை, விடைத்தாளோடு, எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பொது டேட்டாபேஸில் போட்டிருந்தாள். இருபதில் கட்டி உண்டு, இருபதில் இல்லை. பதினோரு இடத்தில் இறக்கிக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் அவள் கால் தரையில் பாவவில்லை.

அப்படி இறக்கியவர்களில் ஒருவன் அவள் கொழுந்தன். வியாழக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் அறைக்கே வந்துவிட்டான்.

"நாப்பதுக்கு நாப்பது அண்ணி. ஒண்ணுகூட தப்பல. நாளைக்கு உங்க பெரிய டாக்டரம்மா கையெழுத்துப் போடுறாங்க. திங்கக்கிழமைலேருந்து நிஜ நோயாளிங்களுக்கு நம்ம புரோகிராம்தான்."

"கல்யாணத்தன்னைக்கு உன் மூக்குக்கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடினவன் நீ. நீ எழுதினது நாப்பதும் கண்டுபிடிச்சிருச்சா?"

"அது நான். இது புரோகிராம்."

அவளுக்குக் கை அரித்தது. அவனைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. கட்டி இல்லாத உடம்பு ஒன்றை எடுத்து, வலது நுரையீரல் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியை உட்காரவைத்தாள். கதவருகிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"இந்தா ராசா, இதைக் கேளு."

அவன் சிரித்துக்கொண்டே புரோகிராமை ஓட்டினான். திரையில் வந்தது: கட்டி இல்லை.

"ரொம்பப் பெருசா இருக்குல்ல, அதான் குழம்பிருச்சு," என்றான்.

"ஆமாமா. சந்தனப் பொட்டுன்னு நினைச்சிருக்கும்."

அடுத்து, கட்டி வைத்த உடம்பு ஒன்றை எடுத்து, கட்டியை மட்டும் துடைத்தெடுத்துக் கொடுத்தாள். புரோகிராம் யோசிக்கவே இல்லை: கட்டி உண்டு, தொண்ணூற்றொன்பது சதவீதம்.

கொழுந்தன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "எங்கயோ தப்பு பண்ணிட்டேன் அண்ணி," என்று நகத்தைக் கடித்தான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே இரண்டு உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பேனா முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

கட்டி வைத்த இருபதையும் ஒரே மூல உடம்பிலிருந்து செய்திருந்தாள். கட்டி இல்லாத இருபதுக்கு மூலம் வேறு. முதல் மூலத்தில், இடது பக்கம் பன்னிரண்டு விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான்; கடைசி எலும்பைப் போட மறந்திருக்கிறாள். அவன் புரோகிராம் கட்டியைத் தேடவே இல்லை. அது பழகிக்கொண்டது இவ்வளவுதான்: எலும்பு குறைந்தால் கட்டி உண்டு, நிறைந்தால் இல்லை. நாற்பதுக்கு நாற்பது வராமல் என்ன செய்யும்?

கொழுந்தன் இன்னும் தப்பு தன்னுடையதுதான் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவன் தப்பு அவனோடு போகும். சாயங்காலம் ஒரு எலும்பை நைசாக ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இன்னும் பத்து இடத்தில் அதே நாற்பதை வைத்துக்கொண்டு யார் யாரோ மார்தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் புரோகிராம்களுக்கு அடியிலும் என்றைக்காவது நிஜ ஆள் படுப்பான். அவனுக்கு எலும்பெல்லாம் சரியாக இருக்கும்.

"தம்பி," என்றாள். "நகத்த விடு. இங்க வந்து எண்ணு."

எண்ணினான். வலது பக்கத்தையும் எண்ணிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "என் சமையல்ல உப்பு கம்மின்னு சொல்ற நீங்களா ஒரு எலும்பையே விட்டீங்க?" என்றான்.

"சொல்லிக்காட்டு. இன்னைக்கு உனக்கு உரிமை இருக்கு."

இரண்டு பேருமாகப் பெரிய டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் கண்ணாடியை இறக்கித் திரையிலிருந்த உடம்பைப் பார்த்தார். "இந்த ஆள எட்டு மாசமா நானும்தான் பாத்துட்டு இருக்கேன். நீ பண்ணினது தப்பு. நான் எண்ணாதது அதவிடத் தப்பு," என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளை இழுப்பறைக்குள் தள்ளினார்.

அன்று சாயங்காலமே நாற்பதையும் டேட்டாபேஸிலிருந்து எடுத்துவிட்டு, மூல உடம்பில் விட்டுப்போன எலும்பையும் வைத்துவிட்டு, இறக்கிய எல்லாருக்கும் தன் பெயரைப் போட்டே எழுதினாள்: தப்பு என்னுடையது, எலும்பை எண்ணிப் பாருங்கள், உங்கள் மதிப்பெண்ணை நம்பாதீர்கள்.

மறுநாள் காலையில் ஐந்து பதில் வந்திருந்தது. நான்கு பேர் தங்களுக்கும் முழு மதிப்பெண் வந்ததாகத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் மட்டும் ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார்: முழு மதிப்பெண் வாங்கியதைப் பற்றிய எங்கள் கட்டுரை அச்சில் இருக்கிறது, இரண்டு வாரம் மட்டும் அந்த எலும்பு இல்லாமலேயே இருக்க முடியுமா?

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்த கொழுந்தன் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "என்ன எழுதப் போறீங்க?"

அவள் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தாள்: "மன்னிக்கவும். நோயாளிக்கு நேற்றே எலும்பு வைத்தாயிற்று. இப்போது நலமாக இருக்கிறார். உங்கள் கட்டுரைக்குத்தான் உடம்பு சரியில்லை."